மூன்று முறை திருப்பிய விண்ணப்பம்

இன்று காலை நேரு வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். என் மகள் கவிதாவின் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தோம். அவளை முக்காலியில் உட்கார வைத்து விளக்கைத் திருப்பிய போட்டோக்காரர், "அந்தப் பூவைக் கொஞ்சம் எடுத்துடும்மா. காது ரெண்டும் தெரியணும். இல்லன்னா திருப்பி அனுப்பிச்சுடுவாங்க" என்றார். அவ்வளவுதான். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைக்கு வெளியே வந்து நின்றேன். சிரிப்பு ஓய்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கவிதா கையில் பூவோடு வெளியே வந்து, "இன்னாப்பா ஆச்சு?" என்றாள். "மாமா நெனப்பு வந்துடுச்சு" என்றேன். எந்த மாமா என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வெறுமே மாமா என்றால் அது நீதான்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது என்று என்னிடம் எதுவும் இல்லை. பல வருடம் மறைத்து வைத்திருந்த ஒன்றையும் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தீர்த்தேன். ஆனாலும் நடந்ததை முதலிலிருந்து ஒரு முறை உன்னிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. குறுக்கே பேச நீ இல்லாததால் இந்த முறையாவது முழுதாகச் சொல்லி முடிப்பேன்.

ஊரில் இருந்தவரை நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பாண்டிச்சேரியில் நான் சாரம், நீ முதலியார்பேட்டை. சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைக் கடக்க நாம் இருவரும் ஓமன் வரை போகவேண்டியிருந்தது. அந்த கேஸ் பிளாண்டின் சாப்பாட்டுக் கூடத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவன் தட்டைப் பார்த்துத் தனக்குத்தானே, "இந்த சாம்பார்ல பருப்பு வந்துட்டுப் போச்சா, வரவே இல்லியா?" என்று கேட்டுக்கொண்டான். சுற்றிலும் மலையாளமும் இந்தியும் உருதுவுமாக இருந்த இடத்தில் அந்தத் தமிழ் என் முதுகில் தட்டியதுபோல் இருந்தது. "எந்த ஊருங்க?" என்றேன். "பாண்டி." "பாண்டில எங்க?" அன்றிலிருந்து நான்கு வருடம் ஒரே அறை நமக்கு.

நீ பிளாண்டில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன். அழுத்தம் காட்டும் கேஜ்களும் வால்வுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது உன் வேலை. நான் பெர்சொனல் பிரிவில் கிளார்க். விடுப்பு, விசா, வேலை நீட்டிப்பு எல்லாக் காகிதமும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். உன் அப்பா மில் தொழிலாளி, என் அப்பாவும் அப்படித்தான். நீ அடிக்கடி சொல்வாய்: "சொல்தா வூட்டுப் பசங்களுக்கு பாரீசு. மில்லு வூட்டுப் பசங்களுக்கு மணலு." பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வரும் சொல்தா வீடுகளைப் பார்த்து வளர்ந்த நம் தெருப் பையன்கள் எல்லோரும் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் அதை. நீ சொல்லும்போது மட்டும் அதில் கசப்பு இருக்காது.

உன் மனைவி மல்லிகா ஊரில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஆறு வருடம் தற்காலிகமாக இருந்து, பிறகுதான் வேலை நிரந்தரமாயிற்று. அவளுக்கு இரவு டியூட்டி வரும் வாரங்களில் உன் குழந்தை வீராம்பட்டினத்தில் மல்லிகாவின் அம்மா வீட்டில் இருப்பாள். சுனாமியில் கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் குழந்தை அங்கேதான் இருந்தாள்.

இரண்டு நாள் உனக்கு போன் கிடைக்கவில்லை. அறையில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நீ கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாய். மூன்றாம் நாள் மல்லிகா பேசினாள். குழந்தையை உன் மாமியார் தூக்கிக்கொண்டு ஓடி மேட்டில் ஏறிவிட்டார், இருவரும் பத்திரம். தான் இரண்டு நாளாக வார்டைவிட்டு வெளியே வரவில்லை, அதனால்தான் பேச முடியவில்லை என்றாள். போனை வைத்துவிட்டு நீ என்னிடம், "இனிமே அவங்க எங்கயோ நான் எங்கயோ இருக்க முடியாதுடா" என்றாய். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். ஆனால் முடிவு செய்துவிட்டாய் என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த மாதமே உனக்குப் பதவி உயர்வு வந்தது. சீனியர் டெக்னீஷியன் ஆனால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், கம்பெனி குவார்ட்டர்ஸும் உண்டு. நீ விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மச்சான், பாரு, எல்லாம் வெச்சிருக்கேன்" என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காட்டினாய். மல்லிகாவின் படம் இருந்தது. நீலப் பின்னணி, புது ஜாக்கெட், இரண்டு பக்கமும் தொங்கவிட்ட மல்லிகைச் சரம். காது தெரியவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு நானும் என் மனைவி சுமதியையும் கவிதாவையும் அழைத்துவர எழுதிக் கேட்டிருந்தேன். கிளார்க் நிலைக்குக் குடும்ப விசா கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை எனக்கு நானே டைப் செய்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். உன்னிடம் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன்.

நீ கொடுத்த படத்தைப் பார்த்தேன். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று விதி இருந்தது உண்மை. அதை யாரும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. நான் திருப்பும் சீட்டை எடுத்து, காரணம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். "காது தெரியல. வேற படம் வேணும்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். "பாண்டியில பொம்பளைங்கள பூவு இல்லாம படம் புடிக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு போனாய். நீ போன பிறகு எனக்கு ஒரு சின்ன திருப்தி இருந்தது. அதை நான் உடனே மறந்துவிட்டேன். அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து எங்கள் மேனேஜர் சயீத் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் அந்த ஊர்க்காரர், அளந்து பேசுபவர். கையால் எழுதிய ஒரு பட்டியலைக் கொடுத்து, இங்கேயே உட்கார்ந்து டைப் செய் என்றார். வெளிநாட்டு ஆட்களை எடுத்துவிட்டு உள்ளூர்க்காரர்களை வைப்பது அங்கே புதிதல்ல. டிரைவர்களில் தொடங்கி, ஸ்டோர், ஆபீஸ் என்று வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் பிளாண்டுக்குள் நுழைய இன்னும் பல வருடம் ஆகும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். பட்டியலில் இருந்த இருபத்திரண்டு பேரும் பிளாண்டு ஆட்கள். ஒன்பதாவது பெயர் உன்னுடையது. எதிரில், உன் இடத்துக்கு வருபவர் என்ற கட்டத்தில், உன்னோடு மூன்று வருடமாக வேலை செய்துகொண்டிருந்த காலித்.

என் விரல் நின்றுவிட்டது. சயீத் பார்த்தார். "உன் ரூம்காரன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். கடிதம் கொடுக்க இரண்டு மாதம் ஆகும், அதற்குள் வெளியே ஒரு சொல் போனாலும் மறுநாள் நீ விமானத்தில் இருப்பாய் என்று சொல்லி, ரகசியம் காப்பதாக ஒரு தாளில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். எழுந்திருக்கும்போது கேட்டேன்: "சார், இந்தப் பட்டியல்ல இருக்கறவங்க யாராவது குடும்ப விசா கேட்டிருந்தா?" அவர் யோசித்துவிட்டு, "எப்பவும் போல அனுப்பு. நிறுத்தினால் விஷயம் தெரிந்துவிடும்" என்றார்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்தபோது நீ துணி மடித்துக்கொண்டே சொன்னாய்: "மல்லிகாவுக்கு இனி லீவு பாக்கி இல்லியாம். குழந்தைக்கும் அவ அப்பா சாவுக்குமே எல்லாம் போயிடுச்சு. ராஜினாமா எழுதி வெச்சுட்டா. விசா வந்ததும் குடுத்துடப் போறா."

நான் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு வெறுமே நின்றேன். அவள் வேலையை விட்டுவிட்டு வருவாள். வந்த சில வாரத்தில் உன் கையில் கடிதம் கொடுப்பார்கள். நீங்கள் மூன்று பேரும் ஊர் திரும்புவீர்கள். அவளுக்கும் வேலை இருக்காது, உனக்கும் இருக்காது. ஆறு வருடம் காத்து வாங்கிய அரசு வேலையை யார் திருப்பித் தரப்போகிறார்கள்? உன்னிடம் சொல்லிவிட்டால் போதும். சொன்னால் நீ மறைக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் முகமே நோட்டீஸ் போர்டு. அடுத்த நாள் காலித்திடம் நீ பேசும் விதத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். என் வேலையை நம்பி சாரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். நான் பயந்தேன், இப்போது அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

புதுப் படம் ஊரிலிருந்து வந்தது. மல்லிகா பூவில்லாமல், கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாள்களைப் புரட்டித் தேடினேன். ஏதாவது கிடைக்க வேண்டுமே என்று தேடினேன். நகராட்சி அலுவலகத்தை இன்றும் மேரி என்றே சொல்லும் உன் அப்பா, அங்கே போய் வாங்கி அனுப்பிய கல்யாணச் சான்றிதழ் என்னைக் காப்பாற்றியது. அதில் மல்லிகாவின் பெயரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'சி' போட்டு எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் 'கே'. "ரெண்டும் ஒரே ஆளுன்னு உறுதிப் பத்திரம் வேணும்" என்று எழுதித் திருப்பினேன். நீ சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். அந்தப் பத்திரம் மூன்று வாரத்தில் வந்தது. அதில் சான்றொப்பம் இல்லை என்று மூன்றாம் முறை திருப்பினேன்.

அன்றுதான் நீ வெடித்தாய். என் பக்கத்து மேஜைக்காரரிடம் விசாரித்திருக்கிறாய். இப்படிப்பட்ட காரணத்துக்கு யாருடைய பைலும் திரும்பியதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தாய்.

"உனக்குக் கெடைக்கலன்னு எனக்கும் கெடைக்கக் கூடாதா?"

நான் கட்டிலிலிருந்து எழுந்தேன்.

"சொல்றா. என் கண்ணைப் பாத்துச் சொல்லு. பொறாமைதானே?"

"விதி அப்படி" என்றேன். அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

"அந்த ரெண்டு நாளு நான் எப்படிக் கெடந்தேன்னு நீ பாத்தியா இல்லியா? பாத்துட்டும் இதைச் செய்யறல்ல" என்றாய். மறுநாள் உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாய். அதன்பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் நான் நிற்கும் வரிசையில் நீ நிற்பதில்லை. நம் அறையில் உன் கட்டில் விரிப்பில்லாமல் கிடந்தது. என்னைக் குடைந்தது உன் கோபமல்ல. நீ சொன்னதில் ஒரு பங்கு உண்மை என்பதுதான்.

பைலை இதற்கு மேல் இழுக்க என்னிடம் காரணம் இல்லை. சான்றொப்பம் வந்துவிட்டால் அனுப்பித்தான் ஆகவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப் வாசலில் இருந்த டெலிபோன் கூண்டுக்குப் போய் மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்லியே அண்ணே?" என்றாள் எடுத்ததும்.

"நல்லாத்தான் இருக்கான். ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. விசா வந்தாக்கூட ராஜினாமா குடுத்துடாத. கொஞ்ச நாள் கையிலயே வெச்சிரு."

"ஏண்ணே?"

"அதான் நல்லது."

அவள் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "டாக்டருங்க சொந்தக்காரங்ககிட்ட பேசற மாதிரி பேசறீங்களே அண்ணே" என்றாள். "அவன்கிட்ட இதைச் சொல்லாத" என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. தினமும் வார்டில் நின்று, சொல்ல முடியாததைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறவள். சான்றொப்பம் வந்து, பைல் போய், விசாவும் வந்த பிறகு உன்னிடம் மேட்ரன் லீவில் இருக்கிறார், அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மேட்ரன் இல்லாத லீவையெல்லாம் எடுத்து முடித்திருப்பார்.

கடிதம் கொடுத்த நாளை நீ எத்தனையோ முறை மற்றவர்களுக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணி. இருபத்திரண்டு உறைகளும் என் கையில்தான் இருந்தன. பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாய். பிரித்துப் படித்தாய். இன்னும் மூன்று மாதம், பிறகு நன்றியும் வாழ்த்தும். சுற்றிலும் ஆட்கள் சத்தம் போட்டார்கள், ஒருவர் அழுதார். நீ யாரையும் பார்க்காமல் நேராக சயீத்தின் அறைக்குள் போனாய். நான் பயந்து பின்னாலேயே ஓடினேன். அடித்துவிடுவாயோ என்று நினைத்தேன். நீயோ, "சார், ஊருக்கு ஒரு போன்" என்றாய். அவர் போனை உன் பக்கம் தள்ளினார்.

வார்டு போனில் மல்லிகாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். உன் பக்கப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"மல்லி, எழுதிக் குடுத்துட்டியா?... இல்லியா? மெய்யாலுமா?... எங்க வெச்சிருக்க?... எடு அதை. கிழி. இப்பவே கிழி, நான் கேக்கணும்."

பிறகு உனக்கு என்ன தோன்றியதோ, கைநீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, ரிசீவரை என் காதில் வைத்தாய். கடல் தாண்டி ஒரு தாள் கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கிழிசல், இன்னொன்று, இன்னொன்று. "கேட்டுச்சாங்க?" என்றாள் மல்லிகா.

"கேட்டுச்சு தங்கச்சி."

"அண்ணே, நீங்களா? நீங்க மட்டும் அன்னிக்கு போன் பண்ணலன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் அழுதுவிட்டாள்.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அவ இன்னாடா சொல்றா? என்னிக்கு போன் பண்ண நீ?" பிறகு உனக்கே ஒவ்வொன்றாகப் புரிந்தது. சீட்டுகள், 'சி'யும் 'கே'யும், சான்றொப்பம். "எப்போலேருந்து தெரியும் உனக்கு?" என்றாய். ஏழு வாரமாக என்றேன். நீ அங்கேயே, சயீத்தின் கம்பளத்தில், பிளாண்டு பூட்ஸோடு உட்கார்ந்துவிட்டாய். வேலை போன மனிதன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "சண்டாளா, சண்டாளா" என்று என் காலைப் பிடித்து ஆட்டினாய்.

சயீத் தமிழ் தெரியாதவர். ஆனாலும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நீ போன பிறகு என்னிடம், "அந்த பைலுக்கு ஏன் இத்தனை நாள் ஆயிற்று?" என்றார். "எழுத்துப் பிழை சார்." அவர் தலையை ஆட்டினார். "நல்ல பிழை."

கடைசி மூன்று மாதத்தில் நீ காலித்திடம் நடந்துகொண்டதைப் பற்றி கேம்ப்பில் பலருக்கு உன்மேல் கோபம். ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே, அவன் திணறட்டும், அப்போதுதான் நம் அருமை தெரியும் என்றார்கள். நீ உன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்தாய். எந்த வால்வு வெயிலில் இறுகும், எந்த கேஜ் இரண்டு புள்ளி கூட்டிக் காட்டும் என்று தமிழில் நீ கிறுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றி எழுதினீர்கள். காலித் உன் வயதுக்காரன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன், மீன்பிடிக் குடும்பம். ஒருநாள் நான் இருக்கும்போதே உன்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஊருக்குப் போய் என்னைத் திட்டுவாயா?"

"திட்டாம? ஆனா உன் ஊரு கேஸை உன்னைப் பாக்க விடாம நான் இங்கயே உக்காந்திருந்தா, உன் பொண்டாட்டி என்னைத் திட்டுவா. அதுக்கு இது தேவலை" என்று உனக்குத் தெரிந்த அரபியில் சொன்னாய். அவன் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அறைக்கு வரும் வழியில் உன்னைக் கேட்டேன், நிஜமாகவே உனக்கு வருத்தம் இல்லையா என்று. "இல்லாம இன்னா? நல்லா செஞ்ச வேலைடா அது. ஆனா நம்ம மில்லுல எல்லா மிஷின்லயும் வெளியூரு ஆளு நின்னிருந்தா எங்கப்பா சும்மா இருந்திருப்பாரா?" என்றாய்.

நீ வீடு திரும்பிய வாரம் நானும் லீவில் ஊரில் இருந்தேன். சாவு வீட்டுக்கு வருவதுபோல் தெருவே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. உன் அப்பா எல்லோரையும் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து ஒரே போடாகப் போட்டார்: "மில்லு மூடினப்ப எங்களுக்கு எவன் லட்டர் குடுத்தான்? கதவைத்தான் சாத்தினான். இவனுக்குக் கையில லட்டரைக் குடுத்து, பிளேன்ல ஏத்தி, வூட்டுல வந்து எறக்கியிருக்கான். எழுந்து சாப்புட வாடா." நீ எழுந்து போனாய். குழந்தை உன் கழுத்தை விட்டு இறங்காமல், உன் தட்டிலிருந்தே சாப்பிட்டாள். மல்லிகா இரண்டு மணி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அண்ணே, எல்லாரும் பாவம்னு சொல்றாங்க. எனக்கு சந்தோஷமா இருக்குதுன்னு வெளிய சொல்ல முடியல" என்றாள். அவள் நடையிலேயே அது தெரிந்தது.

நான்கே மாதத்தில் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் உனக்கு அதே கேஜ் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் சயீத் என்னை மறுபடி கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த முறை ஆபீஸ் ஆட்களின் மிச்சம். பதினான்காவது பெயரை டைப் செய்யும்போதுதான் அது என் பெயர் என்று உறைத்தது. சயீத் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் பல வருடமாகத் தூக்கிய மூட்டையை யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. அன்று மாலை உன்னைக் கூப்பிட்டேன்.

"ஒரு பட்டியல் வந்திருக்குடா. சொல்லலாமா கூடாதான்னு தெரியல."

"யாரு பேரு?"

"என் பேரு."

நீ சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "அதை யார்கிட்ட ரகசியமா வெச்சுக்கப் போற? கெளம்பி வாடா வூட்டுக்கு" என்றாய்.

வந்தேன். நமக்கு மூன்று வருடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் வீராம்பட்டினம் போவோம், உன் மகள் அலைக்கும் கரைக்கும் ஓடுவாள், நீ முழங்கால் தண்ணீரில் நின்று அவளைக் காவல் காப்பாய். அதற்குள் உன் வயிற்றில் கட்டி வந்துவிட்டது. நீ படுத்திருந்தது மல்லிகா வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான். அவள் டியூட்டி முடிந்த பிறகும் போகமாட்டாள். அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டு நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் அந்த ஒன்றைச் சொன்னேன்.

"மச்சான், மொத தடவ போட்டோவைத் திருப்பினேனே. அப்ப எனக்கு லிஸ்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

நீ கண்ணை மூடியபடியே, "தெரியும்" என்றாய்.

"இன்னா தெரியும்?"

"அந்தச் சீட்டுல நீதான் தேதி போட்டிருக்கியே. ஏழு வாரமான்னு நீதான் சொன்ன. ரெண்டையும் வெச்சுப் பாத்தா பத்து நாளு ஒதைக்குது. கேஜ் பாக்கறவனுக்கு அது தெரியாதா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்ப ஏன் ஒரு தடவகூடக் கேக்கல?"

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "கேட்டு? அன்னிக்கே நீ பைலை அனுப்பியிருந்தா லிஸ்ட் வர்றதுக்குள்ள விசா வந்திருக்கும். அவ குடுத்துட்டு பிளேன் ஏறியிருப்பா. உன் பொறாமையும் சேந்துதாண்டா அவ வேலையைக் காப்பாத்துச்சு. வுடு." பேசிய களைப்பில் சிறிது நேரம் மூச்சு வாங்கினாய். பிறகு, "நான் அப்ப கேட்டதும் நெஜந்தான், நீ செஞ்சதும் நெஜந்தான்" என்றாய்.

அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னை நல்லவன் என்று நீ சொல்லியிருந்தால் எனக்குப் பாரமாக இருந்திருக்கும். கெட்டவன் என்று சொல்லியிருந்தாலும் சுமந்திருப்பேன். முழு மனிதனாக என்னைப் பார்த்தும் பக்கத்தில் உட்காரவிட்ட ஒருவன் எனக்கு இருந்தான். அந்த நிம்மதி இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. இப்போது நான் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் காகிதம்தான். யாருடைய விண்ணப்பத்தையாவது திருப்பவேண்டி வந்தால், சீட்டு எழுதும் முன் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு, இது விதிக்காகவா எனக்காகவா என்று கேட்டுக்கொள்கிறேன். சில நாள் எனக்காகத்தான் இருக்கிறது. அப்போது அனுப்பிவிடுகிறேன்.

மல்லிகா உன் காரியங்கள் முடிந்த நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். உன் அப்பா வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்துவிட்டு, "அது போவட்டும். அது போனாத்தான் இந்த வூடு நிக்கும்" என்றாராம். உன் மகளைப் புதுப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். கேட்டால் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லமாட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பாள்.

எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றரைக்கு. சில நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். இரண்டு மணி டியூட்டிக்கு நர்சுகள் வரும் நேரம் அது. கூட்டத்தில் மல்லிகா வெள்ளைச் சேலையில், தோளில் பையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேகமாக வருவாள். நான் அவளைக் கூப்பிடுவதில்லை. அவள் வாசலைக் கடந்து உள்ளே போகும்வரை எதிர்ச்சாரியில் நிற்கிறேன். போனதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிடுகிறேன்.